ஆவாரம்பூக் கஷாயத்தில் ஒரு மாத்திரை

மாத்திரையைப் பொடி செய்ய அம்மியும் வேண்டாம், கல்வமும் வேண்டாம். காகிதத்தை இரண்டாக மடித்து, நடுவில் மாத்திரையை வைத்து, சப்பாத்திக் கட்டையை அழுத்தி ஒரு தடவை உருட்டினால் போதும். பொட்டுக்கடலை உடைவதுபோல் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழக் கூடாது என்றால், அதே நேரத்தில் மிக்சி ஓட வேண்டும்.

எங்கள் வீட்டில் நான்கு வருடம் தினமும் தேங்காய்ச் சட்னி அரைத்ததற்குக் காரணம் அதுதான்.

மிக்சி ஓடும். பக்கத்து அடுப்பில் ஆவாரம்பூ கொதித்து, தண்ணீர் பாதியாகச் சுண்டி, தேன் நிறத்துக்கு வந்திருக்கும். வடிகட்டி டம்ளரில் ஊற்றி, காகிதத்தை அதில் உதறி, ஸ்பூனால் நான்கு சுற்று சுற்றுவேன். ஆவாரம்பூவின் துவர்ப்பு பெரிய மனசுக்காரத் துவர்ப்பு. எந்தக் கசப்பு வந்து தனக்குள் விழுந்தாலும் காட்டிக் கொடுக்காது.

என் கணவர் காக்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்து டம்ளரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார்.

"இன்னிக்கு தொவர்ப்பு தூக்கலா கீதே கஸ்தூரி. பூ நல்ல பூவா?"

"ஆமாங்க. நேத்து பறிச்சது."

"அதான பாத்தேன். உள்ள போவும்போதே தெரியுது, மருந்து வேல செய்யறது."

நான் சட்னியைத் தாளிக்கப் போய்விடுவேன்.

ஆஸ்பத்திரிக் கதையாகவே எழுதிக்கொண்டு போகிறீர்களே, உங்கள் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லையா என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். நடந்தது. எழுத வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை வாரம் தள்ளிப் போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கணவரிடமே கேட்டேன், பெயரை மாற்றி எழுதட்டுமா என்று.

"பேர மாத்தாத. நான்தான்னு தெரியட்டும்" என்றார்.

ஆகவே, அவர் பெயர் முனிரத்தினம். திருப்பதியிலிருந்து திருமலைக்குப் பஸ் ஓட்டியவர்.

விரல் குத்துகிறவள்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். காலை எட்டு மணிக்கு விரல் குத்த ஆரம்பித்தால் மத்தியானம் வரை குத்திக்கொண்டே இருப்பேன். நோயாளியிடம் தெலுங்கு, ரிஜிஸ்டரில் இங்கிலீஷ், வீட்டுக்கு வந்தால் தமிழ். மூன்று மொழியிலும் நான் அதிகம் சொன்ன வார்த்தை "சுகர்".

ஆவாரம்பூவைத் தெலுங்கில் தங்கேடு என்பார்கள். தங்கேடு பூத்தண்ணீர் குடிக்காத சுகர்காரர் எங்கள் மண்டலத்தில் கிடையாது. மாத்திரை போட்டுக்கொண்டு குடிப்பவர்கள் பாதி. மாத்திரையை விட்டுவிட்டுக் குடிப்பவர்கள் மீதி. சிறுநீர் மஞ்சளாகப் போனால் பூவின் குணம் உள்ளே இறங்கிவிட்டது என்று சொல்லி, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார்கள். "தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி குடிங்க" என்பேன்.

பூவின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், கோடை வெயிலில் கரும்புத் தோட்டத்துக்குப் போகும்போது ஆவாரம் இலையைத் தலையில் பரப்பி, அதன்மேல் துண்டைக் கட்டிக்கொள்வார். சூடு தலைக்கு ஏறாது. காய்ந்த பூவைப் பயத்தமாவோடு அரைத்துத்தான் நாங்கள் குளித்தோம். போகிக்கு ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் கொத்தாகக் கட்டி, காப்பு என்று வாசலில் செருகினால்தான் எங்கள் பக்கம் வீடு வீடாகும்.

கூட்டு வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். விரியப் போகிற மொக்காகப் பார்த்துப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டு, உப்புத் தண்ணீரில் அலச வேண்டும். எறும்பு மிதந்து வெளியே வரும். பாசிப்பருப்பு முக்கால் வேக்காடு வெந்ததும் பூவைப் போட்டு, மிளகு சீரகம் தட்டிப் போட்டு இறக்கினால், லேசான துவர்ப்போடு சோற்றுக்கு ஜோராக இருக்கும். இதில் தேங்காய் போடுகிறவர்களுக்கு நாக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் சாப்பாடு வேறு, வைத்தியம் வேறு. வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுவதால் யாரும் கதவைத் தாழ் போடாமல் விடுவதில்லை. அதைத்தான் முப்பது வருடம் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் ஒருத்தரிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

மாமனாரின் கால்

என் கணவருக்கு சுகர் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நானேதான். மணிக்கு ஒரு தடவை எழுந்து போகிறார், செருப்புக் கடித்த இடத்தில் புண் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிடித்து உட்காரவைத்துக் குத்தினேன். வெறும் வயிற்றிலேயே இருநூற்று எண்பது.

எங்கள் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துத் துணி துவைக்கும்போது காக்கிச் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டை வந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. நன்றாக நனைந்திருந்தது.

"இன்னாங்க இது?"

"நைனா மாத்திர ஆரம்பிச்ச ரெண்டாவது வருசம் கால எடுத்தாங்க. நீயும் பாத்தவதான?"

அவருடைய நைனாவை, என் மாமனாரை, நானும் பார்த்தவள்தான். மாத்திரையை இரண்டு நாள் போட்டு நான்கு நாள் விட்டவர் அவர். கால் போனது மாத்திரை போட்டதால் இல்லை, போடாததால். அதைச் சொன்னேன். கட்டுப் பிரித்த காலைக் கண்ணால் பார்த்த மகனுக்கு என் விளக்கம் ஏறவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் எல்லாச் சுவருக்கும் தெரியும். மலை டூட்டி. வருடத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் உண்டு. கண், பிரஷர், சுகர் எல்லாம் பார்ப்பார்கள். சுகர் ஏறியிருந்தால் மலையிலிருந்து கீழே இறக்கி, சமதளத்தில் ஏதாவது ரூட் கொடுத்துவிடுவார்கள். அத்தனை வளைவையும் தூக்கத்தில்கூட எண்ணிச் சொல்கிறவர் அவர். பஸ் முழுக்க "கோவிந்தா" என்று கத்தும்போது ஸ்டியரிங் கையில் இருக்கிறதே, அந்தப் பெருமைக்கு ஈடாக நான் அவருக்கு எதையும் கொடுத்ததில்லை.

மெடிக்கலுக்கு நான்கு மாதம் இருந்தது.

யாரோ ஒரு பயணி சொன்னார் என்று ரோட்டோரத்திலிருந்து ஒரு பை ஆவாரம்பூ பறித்துக்கொண்டு வந்தார். "மூணு மாசம் இத்த குடிக்கறேன். எறங்கலனா நீ சொல்றத கேக்கறேன்" என்றார்.

ஒரு மாதம் வெறும் பூ. நான் எதுவும் கலக்கவில்லை. குத்திப் பார்த்தேன், இருநூற்று எழுபது. பூவுக்குக் குணமே கிடையாது என்று சொல்ல நான் ஆளில்லை. எங்கள் வீட்டில் அது மட்டும் போதவில்லை.

"பத்து எறங்கிக்கீதே" என்று சிரித்தார். "இன்னும் நாள் ஆவட்டும், பாரு."

காலில் அந்தப் புண் இன்னும் ஆறாமல் இருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், அவருக்கு எழுதின அதே மாத்திரையைச் சாதாரண வகையாக மாற்றித் தரச் சொன்னேன். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எதற்கு மாற்றம் என்று அவர் கேட்டார். விழுங்க சிரமப்படுகிறார் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

காலை ஒரு வேளை மிக்சி சத்தம். சாயங்காலம் ஒரு வேளை டிவி சத்தம். வெளியூர் டூட்டி என்றால் ஃபிளாஸ்க்.

மூன்றாவது மாதம் வெறும் வயிற்றில் நூற்று இருபத்தைந்து. புண் ஆறிவிட்டது. மெடிக்கலில் மலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று என் கணவர் திருப்பதியிலிருந்து எனக்கு மல்லிகைப்பூவும், ஆவாரஞ்செடிக்கு ஒரு கும்பிடும் கொண்டு வந்தார். ரோட்டோரம் பைக்கை நிறுத்தி, நிஜமாகவே கும்பிட்டார்.

சொல்லியிருக்க வேண்டிய நாள் அதுதான். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சோறு போட்டால் பூக்காது

அதற்குப் பிறகு அவருக்கு ஆவாரம் பைத்தியம் பிடித்தது.

ரோட்டை அகலப்படுத்தும் வேலை எங்கள் பக்கம் அப்போது நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரச் செடிகள் எல்லாம் மண்வாரி இயந்திரத்துக்குப் போய்விட்டன. பூவுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்று பயந்துபோனார். மலையடிவாரத்தில் எங்களுக்கு நாற்பது சென்ட் கரடு இருக்கிறது. வேர்க்கடலை போட்டால் விதைகூடத் திரும்பி வராத நிலம். அதில் ஆவாரந்தோப்பு வைக்கிறேன் என்று கிளம்பினார்.

காட்டுச் செடியைப் பயிர் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பழுத்துக் காய்ந்த காயை உரித்து விதை எடுத்தார். தண்ணீரில் ஊறவைத்து விதைத்தார். ஒன்றும் வரவில்லை. அந்த விதைக்கு ஓடு கல் மாதிரி. கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, ஒரு நாள் அப்படியே விட்டால்தான் ஊறி உப்பும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் போயிற்று.

பிறகு பையில் நாற்று விட்டார். ஒரு சாண் வளர்ந்ததும் எடுத்து நட்டார். பாதி செத்தது. ஆணிவேர் நேராகக் கீழே பாய்கிற ஜாதி அது, இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும்.

பிழைத்த பாதிக்கு, மாங்கன்றுக்குச் செய்வதுபோல் சாணம் வைத்தார், கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினார், சொட்டு நீர்க் குழாயும் போட்டார். பரம்பரை விவசாயிக்கு ஒரு செடியைப் பட்டினி போட மனசு வராது. செடி ஆள் உயரம் வளர்ந்தது. இலை கரும்பச்சையாக மின்னியது. பூ மட்டும் இல்லை. மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வந்து முட்டை வைத்து, பச்சைப் புழுக்கள் இலையைத் தின்றுகொண்டு சுகமாக இருந்தன.

பைபாஸ் ஓரத்தில் ஜல்லிக் குவியலுக்கு நடுவில், யாரும் தண்ணீர் விடாத ஒரு செடி இடுப்பளவுக்கு நின்றுகொண்டு, உச்சி முதல் அடிவரை மஞ்சளாகப் பூத்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"த்தூ. சோறு போட்டவனுக்கு பூ கெடையாதாம்" என்று சொல்லிவிட்டு, கோபத்தில் குழாயைப் பிடுங்கிச் சுருட்டிக் கொட்டகையில் போட்டார். செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த கார்த்திகையில் நாற்பது சென்ட்டும் மஞ்சள்.

நான் லேபுக்குப் போகும் முன் இரண்டு பேரும் போய்ப் பறிப்போம். வெயில் ஏறும் முன் பறித்துவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் பூ பழுப்பாகி, வாசனை போய்விடும். வீட்டுக்குள் பழைய வேட்டியை விரித்து நிழலில் நான்கு நாள். சருகு மாதிரி நொறுங்கினால் டப்பாவில் அடைக்கலாம். கூடம் முழுக்க மஞ்சளாக இருக்கும். நாங்கள் சுவரோரமாக நடப்போம்.

உண்மையைச் சொன்னால், என் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கைராசி

மருந்துக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே அவர் பூவை விற்கவில்லை. டிப்போவில் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மருந்து எதுவானாலும், கொடுக்கிற கை முக்கியம்.

"எம் பொண்டாட்டி கைராசிதான்" என்று டிப்போ டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். "பூ எல்லாரும்தான் குடிக்கறான். எனக்கு எறங்கிச்சே, எப்பிடி?"

எப்படி என்பது எனக்குத் தெரியும்.

டிரைவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். என் கையாலேயே பூவை அள்ளிப் பையில் போடச் சொல்லுவார்கள். நான் அள்ளிப் போட்டுக்கொண்டே, "மாத்திர நிறுத்தக் கூடாது. அத்த போட்டுக்கினு இத்தயும் குடிங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். லேபிலும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

அவர்களில் ஒருவர் கோதண்டம். நகரிக்காரர், என் கணவரைவிடப் பத்து வயது சின்னவர். அவரும் மலை டூட்டிதான். வீட்டில் இரண்டு விசைத்தறி, மனைவி பார்த்துக்கொள்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் உரிமையோடு சமையலறை வரை வருவார்.

"அண்ணி, நிஜங்கா சொல்லுங்க. அண்ணனுக்கு மாத்திரயே இல்லியா?"

கையில் பூவோடு நின்றேன். கூடத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஒன்னோட மாத்திரய போட்டுக்கினே இரு கோதண்டம்" என்றேன். கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

பையை வாங்கிக்கொண்டு அவர் கிளம்ப, என் கணவர் கேட் வரை கூடவே போனார். சமையலறை ஜன்னல் கேட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது.

"அவ ஆஸ்பத்திரிக்காரி, அப்பிடித்தான் சொல்லுவா. மாத்திரய தூக்கிப் போட்றா. என்ன பாரு. நான் ஒண்ணாவது போட்டனா?"

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கட்டும் என்று விட்டுவிட்டு நான் வெளியே ஓடியிருக்க வேண்டும். பாலை இறக்கி வைத்தேன். இறக்கி வைத்துவிட்டு வருவதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

பைக் கிளம்பினால் என்ன, போன் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன்.

கைக்குட்டை சுற்றின கால்

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. லேப் வரிசையில் கோதண்டம் நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"கல்லு இட்ச்சிக்கிச்சி அண்ணி. சின்ன காயம். ஆறவே மாட்டுது."

கைக்குட்டையை அவிழ்க்கச் சொன்னேன். கட்டை விரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. வாசனையை நான் விவரிக்க விரும்பவில்லை. விரலில் குத்தி, இரத்தத்தைப் பட்டையில் வைத்தேன். ஐந்நூறைத் தாண்டியது. கருவி பொய் சொல்கிறதோ என்று இன்னொரு பட்டையில் வைத்தேன். அது பொய் சொல்லவில்லை.

"மாத்திர போடறியா கோதண்டம்?"

"அது வுட்டு எட்டு மாசம் ஆவுது அண்ணி. பூவுதான். ஒரு வேளகூட தவறல. ஒங்க கையால குடுத்த பூவு."

கடைசி வார்த்தையைக் குற்றம் சொல்கிற தொனியில் அவர் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். வரிசையை அப்படியே விட்டுவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டரம்மா உடனே ஆம்புலன்ஸ் வைத்துத் திருப்பதிக்கு அனுப்பினார். சாயங்காலம் என் கணவர் டூட்டி முடிந்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ரெண்டு விரலை எடுக்கிறார்களாம், காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்களாம், ஊசி போடுகிறார்களாம். சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து பையை எடுத்தார். ஆவாரம்பூ டப்பாவைத் திறந்து பையில் கொட்ட ஆரம்பித்தார்.

"இன்னா பண்றீங்க?"

"இவன் பூவ ஒழுங்கா காய்ச்சியிருக்க மாட்டான். தண்ணியா குடிச்சிருப்பான். ஊசி போட்டே கால எட்த்துடுவாங்க கஸ்தூரி, நைனாவ பாத்தமே. டாக்டருக்குத் தெரியாம காலைல ஒண்ணு, ராவுல ஒண்ணு குடுக்கச் சொல்லி அவன் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு வரேன்."

இரண்டு விரல் போய்விட்டது. கால் இருக்கிறது. இந்தப் பை அங்கே போய்ச் சேர்ந்தால் அதுவும் போகும். இவ்வளவுதான் கணக்கு. நான்கு வருடம் வராத வார்த்தை அப்போது தானாக வந்தது.

"அதுல மாத்திர இருந்திச்சிங்க."

"எதுல?"

"நீங்க குடிச்ச தண்ணில. பொடி பண்ணி நான் கலந்தேன்."

பூவைக் கொட்டுவதை நிறுத்தினார்.

"எப்பத்துலேந்து?"

"மொத மெடிக்கலுக்கு மின்னாலேந்து."

"தெனமுமா?"

"தெனமும். ரெண்டு வேள."

கொஞ்ச நேரம் யோசித்தார். வேகமாகக் கணக்குப் போடுகிற ஆள் இல்லை அவர்.

"நீ ஒங்க தங்கச்சி ஊட்டுக்கு வரதய்யபாளையம் போயி பத்து நாள் இருந்தியே. அப்ப?"

"பொடிய பூவுலயே கலந்து, வேளைக்கு ஒரு பொட்டலமா கட்டி வெச்சிட்டுப் போனேன்."

அதைக் கேட்டு அவர் சிரித்தார். ஒரு தடவைதான். பிறகு பையை அப்படியே கீழே வைத்துவிட்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை நீட்டியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பதினொரு வீடு

அவர் முதலில் போனது டிப்போ டீக்கடைக்கு. அங்கிருந்தவர்கள் பிறகு எனக்குச் சொன்னது இது. ஷிஃப்ட் மாறுகிற நேரம், கூட்டம். பெஞ்சுப் பக்கத்தில் நின்று, எல்லோரும் கேட்கிற மாதிரி, "நான் நாலு வருசமா மாத்திரலதான் ஓடிக்கினு இருந்தேன். எனக்கே தெரியாது. எங்கிட்ட பூ வாங்கினவன் எல்லாம் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கடா" என்றாராம். நான்கைந்து பேர் சிரித்தார்களாம். சிரிப்பு அடங்கும்வரை நின்றிருந்து, இன்னொரு தடவை சொன்னாராம்.

அன்று டிப்போவில் இல்லாதவர்களை அடுத்த நாட்களில் வீடு தேடிப் போனார். புத்தலப்பட்டு வரைக்கும் போனார். மொத்தம் பதினொரு வீடு. ஒவ்வொரு வாசலிலும் தன் பொண்டாட்டி தன்னை ஏமாற்றின கதையைத் தானே சொல்லியிருக்கிறார். ஓர் ஆண்பிள்ளைக்கு, அதுவும் எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைக்கு, அது லேசான காரியம் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அந்த ஒரு வாரத்தில் இரண்டு மடங்கு ஆயிற்று. அதை அவரிடம் சொல்லுகிற நிலைமையில் நான் இல்லை.

டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். "முப்பது வருஷம் சர்வீஸ் பண்ணவங்களா நீங்க?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். ஊருக்கு விரல் குத்திச் சொன்னதை எல்லாம் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

மாத்திரையை என் கணவர், நான் சொன்ன மறுநாளே போட ஆரம்பித்துவிட்டார். தானே வாங்கி, தானே பிரித்து, தானே தண்ணீர் பிடித்து. அடுத்த மெடிக்கலிலும் தகுதிதான். ஆனால் அதற்கு முன்னாலேயே, மலை வேண்டாம், கீழே ஏதாவது ரூட் கொடுங்கள் என்று அர்ஜி எழுதிக் கொடுத்துவிட்டார்.

"சுகர்தான் நல்லா கீதே, ஏன் வுட்டீங்க?" என்று கேட்டேன்.

"மல ஏத்தறவனுக்குத் தன் ஒடம்புல இன்னா கீதுன்னு தெரிஞ்சிருக்கணும். அத்தினி ஜனத்த ஒக்கார வெச்சிக்கினு நாலு வருசம் தெரியாமயே ஓட்டிக்கீறேன்."

சித்தூர் ரூட் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அதையே ஓட்டினார்.

காப்புக்கு

கோதண்டம் இப்போது பஸ் ஓட்டுவதில்லை. டிப்போவில் உட்கார்ந்து வண்டி போகிற, வருகிற நேரம் எழுதுகிறார். முன்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த செருப்பு போட்டுக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார்.

இந்தத் தடவை போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த விஷயத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறினது அன்றைக்குத்தான்.

"கொஞ்சம் ஆவாரம்பூ வேணும் அண்ணி" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மருந்துக்கு இல்ல. காப்பு கட்ட" என்றார்.

அந்தச் செடிகளை என் கணவர் வெட்டவில்லை. வெட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பூ இன்னா பண்ணிச்சி என்று விட்டுவிட்டார். போய் ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு வந்தேன். கோதண்டமும் என் கணவரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ரிடையர்மென்ட் பணம், புது பஸ், பழைய கண்டக்டர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபி கொடுத்தேன். கோதண்டம் வாங்கிக்கொண்டார். என் கணவர், "எனக்கு அப்பறம்" என்றார். எப்போதும் சொல்கிற பதில்தான். நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவர் காபியை அவரே போட்டுக்கொள்வார்.

கோதண்டம் அதைக் கவனித்துவிட்டார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன் கோச்சிக்காத. அண்ணி உன்ன ஏமாத்திட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு போன. எனக்கும் ஊட்ல ஒருத்தி அப்பிடி கலக்கிக் குடுத்திருந்தா, இன்னிக்கு ரெண்டு வெரலு இருந்திருக்கும்."

அந்த மனிதருக்கு என்னை மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் கணவர் கோதண்டத்தின் காலைப் பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல், நிதானமாகச் சொன்னார்.

"ஒனக்கு ரெண்டு வெரல் போச்சி, எண்ணிச் சொல்ற. எனக்கு இன்னா போச்சின்னு எனக்குச் சொல்லத் தெர்ல கோதண்டம்."

எனக்குத் தெரியும். என் கை நீட்டினதை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.